கிரெட்டேசியஸ் எல்லையில் மகரந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலம் முடிந்து பாலியோஜீன் தொடங்கியபோது டைனோசர்கள் மறைந்தன என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே எல்லையில் செடிகொடிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பாறைக்குள் சிக்கிய மகரந்தத்தூளையும் ஸ்போரையும் (பெரணி போன்ற பூக்காத செடிகள் விதைக்குப் பதில் பரப்பும் நுண்துகள்) எண்ணித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பற்றியவை. கடலில் அல்லாமல் நிலத்தில் படிந்த எல்லைப் பாறைகள் அங்கேதான் நிறைய அகப்படுகின்றன.

இத்தனை கோடி ஆண்டு மகரந்தம் எப்படி மட்காமல் கிடக்கிறது?

உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் சீக்கிரமே அழிந்துவிடும். மிஞ்சுவது வெளிச்சுவர் மட்டும். அது ஸ்போரோபொலினின் என்ற பொருளால் ஆனது. கண்ணாடியைக் கரைக்கும் அமிலம்கூட அதை ஒன்றும் செய்யாது. அதற்குப் பகை ஆக்சிஜன். காற்றுபட்டுச் சிவந்த மண்ணிலும் பாறையிலும் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. சாம்பல் நிறக் களிக்கல், கறுத்த வண்டல்கல், பழுப்பு நிலக்கரி இவைதான் நம்பிக்கை தரும். இன்னொரு பகை வெப்பம். பாறை ஆழத்தில் புதைந்து சூடாகும்போது சுவர் வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, பழுப்பு, கறுப்பு என்று மாறும். கறுத்துவிட்டால் வகை பிரிக்க முடியாது.

‘பெரணி உச்சம்’ என்றால் என்ன?

எல்லைக்குக் கீழே உள்ள பாறையில் பூக்கும் தாவரங்களின் மகரந்தமும் ஊசியிலை மரங்களின் மகரந்தமும்தான் பெரும்பங்கு. பெரணி (ஃபெர்ன்) ஸ்போர் ஏறக்குறைய 15 முதல் 30 விழுக்காடு. எல்லைக்கு உடனே மேலே அது 70 முதல் 100 விழுக்காடு வரை எகிறுகிறது. அதிலும் ஓரிரு வகைதான் மொத்தத்தையும் நிரப்பியிருக்கும்: மூன்று கிளையாகப் பிரியும் தழும்பும் வழுவழுப்பான முக்கோண உருவமும் கொண்ட சையாத்திடைட்டிஸ், அவரை விதை போல வளைந்த லீவிகேட்டோஸ்போரைட்டிஸ், சில இடங்களில் கிளைக்கெனிடைட்டிஸ். சில சென்டிமீட்டர், மிஞ்சினால் 15 செ.மீ. மேலே போனதும் மகரந்தம் திரும்பத் தலைகாட்டும். ஆனால் எல்லாம் திரும்புவதில்லை.

இதை முதலில் எங்கே கண்டார்கள்?

1980-இல் லூயிஸ் அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷல் நால்வரும் இத்தாலியின் குப்பியோ போன்ற கடற்பாறைகளில் இரிடியம் (பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள உலோகம்) மிகுந்த களிமண் படலத்தைக் காட்டி, விண்கல் மோதியது என்றார்கள். ‘கடலில் சேர்ந்த ஏதோ ஒரு வேதிவிளைவு அது’ என்று சிலர் மறுத்தார்கள். 1981-இல் சார்ல்ஸ் ஆர்த் தலைமையிலான குழு நியூ மெக்சிகோவின் ரட்டோன் படுகையில் துளையிட்டு எடுத்த பாறையைச் சோதித்தது. அது சதுப்பு நிலப் படிவு. கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கேயும் இரிடியம் சுற்றுப் பாறையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூடியிருந்தது. கிரெட்டேசியஸ் மகரந்த வகைகள் நின்றுபோகும் அதே கோட்டில், பெரணி ஸ்போர் எகிறும் அதே கோட்டில் அது இருந்தது. கடல் விளக்கம் அத்தோடு வலுவிழந்தது. 1984-இல் ராபர்ட் சுடியும் கூட்டாளிகளும் இதே மாற்றத்தை மேற்கு அமெரிக்காவின் பல இடங்களில் காட்டினார்கள். மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் புதைந்திருக்கும் சிக்சுலுப் பள்ளம்தான் மோதிய இடம் என்று 1991-இல் எழுதப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஏன் பெரணி? புல் ஏன் இல்லை?

இன்றைய புல்வெளிகள் அப்போது இல்லை; அவை மிகப் பின்னால் வந்தவை. வெறுமையான நிலத்தை முதலில் பிடிக்கும் வேலையைப் பெரணிதான் செய்தது. ஸ்போர் இலேசானது, காற்றில் வெகுதூரம் போகும். பல பெரணிகளில் ஒரே ஸ்போர் முளைத்துத் தன்னைத்தானே கருவுறச் செய்து புதுச்செடி ஆகிவிடும். துணைக்கு இன்னொன்று அருகில் இருக்க வேண்டியதில்லை. மகரந்தம் சுமக்கப் பூச்சி வேண்டாம். மண்ணடித் தண்டு தீக்குத் தப்பித் துளிர்க்கும். இதை நேரில் பார்த்த இடமும் உண்டு. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகட்டாவு எரிமலை வெடித்துத் தீவே மொட்டையானது. மூன்றாண்டு கழித்து 1886-இல் அங்கே போன தாவரவியலர் மெல்கியோர் டிராய்ப் கண்ட செடிகளில் பெரணிகளே மிகுதி.

மாதிரி எடுப்பது எப்படி?

முதலில் எல்லையைக் கண்ணால் அடையாளம் காண வேண்டும். ரட்டோன் படுகையிலும் டக்கோட்டா, மொன்டானா பகுதிகளிலும் நல்ல வெட்டுமுகத்தில் இரண்டு படலம் தெரியும். கீழே 1 முதல் 2 செ.மீ. வெளிர் நிறக் களிமண்: பள்ளத்திலிருந்து எறியப்பட்ட உருகிய பாறையின் மிச்சம். அதன் மேலே சில மில்லிமீட்டரே உள்ள மெல்லிய படலம்: இரிடியமும் அதிர்ச்சிக் கோடு விழுந்த குவார்ட்ஸும் அதில்தான்.

மேற்பரப்பை 30 முதல் 50 செ.மீ. உள்ளே வெட்டிப் புதுப்பாறை தெரிந்த பிறகே மாதிரி. கீழிருந்து மேலே எடுங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிரும் தூள் இன்னும் எடுக்காத கீழ் அடுக்கில் படியும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கத்தியைத் துடைக்க வேண்டும். எல்லைக்கு இருபுறமும் 10 செ.மீ. வரை அரை சென்டிமீட்டருக்கு ஒன்று, முடிந்தால் அதைவிட நெருக்கமாக. அதற்கு அப்பால் 10 செ.மீ.க்கு ஒன்று போதும். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று எடுத்தவர்களுக்குப் பெரணி உச்சம் அகப்படாமல் போவதில் வியப்பில்லை. முழு உச்சமும் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே நழுவிவிடும்.

முடிந்தால் 20 செ.மீ. கட்டியாக வெட்டி, பிளாஸ்டர் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பது இன்னும் நல்லது. மில்லிமீட்டர் கணக்கை வெயிலில் குந்தியபடி யாரும் சரியாகச் செய்ய முடியாது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

10 முதல் 20 கிராம் பாறையைப் பட்டாணி அளவுக்கு உடைக்கலாம். மாவாக அரைத்தால் மகரந்தமும் உடையும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (10%) போட்டுக் நுரைப்பு அடங்கும்வரை விடுவது முதல் படி, சுண்ணாம்பு போய்விடும். இந்தக் கட்டத்திலேயே லைக்கோபோடியம் (பெரணி போல ஸ்போர் விடும் ஒரு சிறுசெடி) மாத்திரையும் சேரும். ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை லைக்கோபோடியம் ஸ்போர் என்பதைத் தயாரித்தவர்கள் எண்ணிக் கொடுத்திருப்பார்கள். இதன் பயன் பின்னால் வரும்.

நன்றாகக் கழுவிய பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் (40%), 24 முதல் 48 மணி நேரம், சூடாக்காமல். மணலும் களிமண்ணும் கரையும். பாத்திரம் பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும், கண்ணாடி கூடாது. சுண்ணாம்பு முழுதும் போகாமல் இதை ஊற்றினால் கால்சியம் புளூரைடு படிந்து மகரந்தத்தை மூடிக்கொள்ளும். அதை நீக்குவது பெரும்பாடு. பிறகு வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மிச்சப் புளூரைடுகளைக் கழுவி, 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நைலான் சல்லடையில் வடிகட்டுவார்கள். கனிமத் துகள் இன்னும் நிறைய இருந்தால் ஒப்படர்த்தி 2.0 உள்ள துத்தநாக புரோமைடு கரைசலில் மிதக்கவிட்டுப் பிரிக்கலாம். கடைசியில் கிளிசரின் ஜெல்லியில் ஸ்லைடு.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் வலி சில மணி நேரம் கழித்தே தெரியக்கூடும். அதற்குள் அது எலும்பு வரை போயிருக்கும். புகைபோக்கி அறை, தகுந்த கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் 2.5% கால்சியம் குளுகோனேட் ஜெல் இவை இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மென்மையான களிமண்ணுக்குச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில் ஊறவைத்துச் சலிக்கும் முறையே பெரும்பாலும் போதும்.

ஆய்வகமே பொய்யான பெரணி உச்சத்தை உண்டாக்குமா?

உண்டாக்கும், இரண்டு வழியில்.

ஒன்று சல்லடை. பெரணி ஸ்போர் பெரும்பாலும் 25 மைக்ரானுக்கு மேல். பூக்கும் தாவரங்களின் மகரந்தத்தில் 12 முதல் 18 மைக்ரான் உள்ளவை ஏராளம். சலிக்க எளிது என்று 20 மைக்ரான் சல்லடை போட்டால் சின்ன மகரந்தம் எல்லாம் கழிவுநீரோடு போய்விடும். ஸ்லைடில் பெரணி மட்டும் பெருத்துத் தெரியும்.

இரண்டு ஆக்சிஜனேற்றம். நிலக்கரி மாதிரியை நைட்ரிக் அமிலம், பொட்டாசியம் குளோரேட் கலவையில் வைத்து, அப்புறம் 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஹியூமிக் பொருளை (செடி மட்கி உண்டான கறுத்த பொருள்) நீக்குவது வழக்கம். நேரம் கூடினால் மெல்லிய சுவருள்ள மகரந்தம் முதலில் போகும், தடித்த ஸ்போர் கடைசி வரை நிற்கும். எல்லைக்கு மேலே நிலக்கரியும் கீழே களிக்கல்லும் உள்ள இடத்தில், மேல் மாதிரிக்கு மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது மிக மோசமான பழக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

விழுக்காடு ஏறினால் பெரணி பெருகிவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. பந்தியில் நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க எண்பது பேர் எழுந்து போனால், மிச்ச இருபது பேர் நூறு விழுக்காடு ஆகிவிடுகிறார்கள். புதிதாக யாரும் வந்து உட்காரவில்லை. லைக்கோபோடியம் மாத்திரை போடுவது இதைப் பிரித்தறியத்தான்.

கணக்கு இது: ஒரு கிராமில் உள்ள எண்ணிக்கை = எண்ணிய புதைபடிவம் × சேர்த்த லைக்கோபோடியம் ÷ (எண்ணிய லைக்கோபோடியம் × பாறையின் எடை). விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 10 கிராம் பாறை, 20,000 லைக்கோபோடியம் சேர்த்தாயிற்று. எல்லைக்குக் கீழ் மாதிரியில் மகரந்தம் 240, பெரணி 60, லைக்கோபோடியம் 50 எண்ணினால், கிராமுக்கு மகரந்தம் 9,600, பெரணி 2,400. மேல் மாதிரியில் மகரந்தம் 30, பெரணி 270, லைக்கோபோடியம் 500. விழுக்காட்டில் பெரணி 20-இலிருந்து 90-க்கு ஏறியிருக்கிறது. ஆனால் கிராமுக்கு 1,080 தான். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! மகரந்தம் 120-க்குச் சரிந்ததால் பெரணி பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே மேல் மாதிரியில் லைக்கோபோடியம் 20 மட்டும் வந்திருந்தால் பெரணி கிராமுக்கு 27,000. அப்போது அது உண்மையான பெருக்கம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படிவு வேகமாகச் சேர்ந்தால் கிராமுக்கான எண்ணிக்கை தானே குறையும். எறியப்பட்ட தூள் விழுந்து உண்டான அடிப்படலம் சில மணி நேரம் அல்லது சில நாளில் படிந்தது. அதில் ஸ்போர் குறைவாக இருப்பது இயல்பு. அந்தப் படலத்துக்குள் இருப்பதை வைத்துப் பின்னால் முளைத்த காட்டைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்கு மேலிருந்துதான் கணக்கு.

இன்னொன்று: கிரெட்டேசியஸ் பாறையிலும் லைக்கோபோடியம் போன்ற வலைக்கோட்டு ஸ்போர்கள் உண்டு. மாத்திரையில் உள்ளவற்றின் நிறமும் புதைபடிவத்தின் நிறமும் வேறு வேறாக இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு வெற்று மாதிரியில் பார்த்து வையுங்கள்.

எத்தனை எண்ண வேண்டும்?

300 என்பது வழக்கம். மொத்தத்தில் 1% உள்ள ஒரு வகை, 300 எண்ணும்போது ஒருமுறையாவது கண்ணில் படும் வாய்ப்பு 95%. ஆனால் பெரணி உச்ச மாதிரியில் 300 எண்ணினால் அதில் மகரந்தம் 30 தான் இருக்கும். முப்பதை வைத்து ‘வகைகள் அழிந்துவிட்டன’ என்று எழுதுவது கணக்குப் பிழை. பெரணியைத் தனியே நிறுத்திவிட்டு மகரந்தம் மட்டும் 200 வரும்வரை தொடர வேண்டும். ஸ்லைடு பத்து ஆனாலும் சரி.

எவையெல்லாம் மறைந்தன?

மேற்கு அமெரிக்காவில் முதலில் தேட வேண்டியவை மூன்று. நடு உடலிலிருந்து கைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அக்விலாபொலினைட்டிஸ். இதில் பல இனங்கள், பெரும்பாலானவை எல்லையில் நின்றுவிடுகின்றன. நீள்வட்ட உடலைச் சுற்றி முள் விளிம்பு கொண்ட வோடஹவுசியா ஸ்பைனேட்டா. கிரெட்டேசியஸின் கடைசி மகரந்த மண்டலத்துக்கே (மகரந்த வகைகளை வைத்துப் பிரித்த பாறை அடுக்குத் தொகுதி) இதன் பெயர்தான். மூன்று துளையுள்ள முக்கோணப் புரோட்டியாசிடைட்டிஸ். பெயர் இப்படி இருந்தாலும் புரோட்டியேசி குடும்பம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வடக்கு டக்கோட்டாவில் மகரந்த வகைகளில் ஏறத்தாழ 30% மறைந்ததாகவும், இலைப் புதைபடிவங்களில் 57% வரை மறைந்ததாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டு எண்ணுக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை. ஒரே மாதிரி மகரந்தம் பல இனங்களிடம், சில வேளை முழுப் பேரினத்திடமோ குடும்பத்திடமோ இருக்கும். பத்து இனத்தில் ஒன்பது அழிந்து ஒன்று தப்பினாலும் மகரந்தக் கணக்கில் அந்த வகை தப்பியதுதான். இலை இனத்தை நெருங்கிக் காட்டும். ஆனால் இலை அபூர்வம். எல்லையை ஒட்டிய சென்டிமீட்டர்களில் கிடைப்பதே இல்லை எனலாம். நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல மகரந்தம், இழப்பின் அளவைச் சொல்ல இலை. மகரந்தத்தின் 30 விழுக்காட்டைக் குறைந்தபட்ச எண் என்று படிப்பதே பொருத்தம். பூச்சியை நம்பிய செடிகள் குறைவாகவே மகரந்தம் உதிர்ப்பதால் அவற்றின் இழப்பு இன்னும் மறைந்து நிற்கும்.

கிரெட்டேசியஸ் மகரந்தம் எல்லைக்கு மேலேயும் கிடைத்தால் தப்பிப் பிழைத்தது என்று சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். ஆறு பழைய கரையை அரித்துப் பழைய மகரந்தத்தைப் புதுப் படிவில் சேர்ப்பது அன்றாட நிகழ்ச்சி. தேய்ந்த விளிம்பு, கிழிந்த சுவர், உடனிருப்பவற்றைவிட அடர்ந்த நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். மணல் கலந்த ஆற்றுப் படிவில் மட்டும் தென்பட்டு, அமைதியான சதுப்புப் படிவில் தென்படாவிட்டால் அநேகமாக அடித்து வந்ததுதான்.

எதிர்ப்புறப் பிழையும் உண்டு. அரிதான வகை, உண்மையில் அழிந்த இடத்துக்குக் கீழேயே கடைசியாகக் கண்ணில் படும். அதனால் திடீர் அழிவுகூடப் படிப்படியாக நடந்தது போலத் தோன்றும். இதற்குச் சிக்னர்-லிப்ஸ் விளைவு என்று பெயர்.

வட்டத் தர்க்கத்தையும் கவனியுங்கள். இரிடியமும் களிப்படலமும் இல்லாத இடத்தில் மகரந்தம் மாறும் கோட்டையே எல்லை என்று வரைந்துவிட்டு, ‘எல்லையில் மகரந்தம் மாறுகிறது’ என்று முடிவு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உலகமெங்கும் இதே கதையா?

நியூசிலாந்தில் மூடி கிரீக் சுரங்கத்தில் தெளிவான பெரணி உச்சம் உண்டு. விவி வாஜ்தா குழு 2001-இல் காட்டியது. அங்கே முதலில் தரைப் பெரணி, பிறகு மரப்பெரணி என்று வரிசைகூடத் தெரிகிறது. பெரணிக்கும் முன்னால், சில மில்லிமீட்டர் படலத்தில் பூஞ்சை ஸ்போர் குவிந்திருக்கிறது. செத்த காட்டைத் தின்ற பூஞ்சை என்பது 2004-இல் தந்த விளக்கம். நெதர்லாந்தில் பெரணிக்குப் பதில் மாஸ் எனப்படும் நிலப்பாசிச் செடியின் ஸ்போர். பட்டகோனியாவில் அழிவு குறைவு. எல்லைக்குப் பின் கிளாசோபொல்லிஸ் என்ற ஊசியிலை மர மகரந்தம் எகிறுகிறது. மோதிய இடத்திலிருந்து தொலைவு, அங்கு முன்பே இருந்த காடு, ஈரப்பதம் எல்லாம் விடையை மாற்றுகின்றன.

காடு திரும்ப எவ்வளவு காலம் ஆயிற்று?

பெரணி உச்சம் நூறு ஆண்டா, சில ஆயிரமா என்பது படிவு வேகத்தைப் பற்றிய ஊகத்தைப் பொறுத்தது. இடத்துக்கு இடம் மாறும். அதன் பிறகு கொலராடோவின் கோரல் பிளஃப்ஸ் படிவுகளில் பனைகள் ஓங்குகின்றன, சுமார் 3 லட்சம் ஆண்டில் வால்நட் குடும்பத்து மொமிபைட்டிஸ் மகரந்தம் வகைவகையாகப் பெருகுகிறது, 7 லட்சம் ஆண்டில் அவரைக் குடும்பம் தெரிகிறது. கொலம்பியாவில் 2021-இல் வெளிவந்த ஆய்வு 50,000-க்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவுகளையும் 6,000-க்கும் மேற்பட்ட இலைகளையும் பார்த்தது. வகைகள் 45% குறைந்தன. பழைய அளவுக்கு வர 60 லட்சம் ஆண்டு ஆயிற்று. திரும்பி வந்தது பழைய காடும் அல்ல. ஊசியிலை மரங்கள் ஊடே நின்ற திறந்த காடு போய், பூக்கும் மரங்கள் அடர்ந்து கூரையாய் மூடிய மழைக்காடு அப்போதுதான் உருவானது.

இந்தியாவில்? அரியலூரில் தேடலாமா?

அரியலூரில் கிரெட்டேசியஸ் முடிவைச் சேர்ந்த கல்லமேடு படிவுகளும் அதற்கு மேல் பாலியோசீன் (பாலியோஜீனின் முதல் பகுதி) நினியூர் படிவுகளும் அருகருகே இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. முன்னது பெரும்பாலும் மணற்கல், பின்னது சுண்ணாம்புக்கல் மிகுந்த கடற்படிவு. இரண்டும் மகரந்தத்துக்கு ஏற்ற பாறை அல்ல. மேற்பரப்பும் நன்றாகக் காற்றுபட்டது. சிப்பியும் எலும்பும் தேட அருமையான இடம்.

மகரந்தத்துக்கு நல்ல விளைச்சல் தருபவை தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய ஏரிப் படிவுகள். ஜபல்பூர் பக்கத்துப் பட்வார், தெலங்கானாவின் நஸ்கல் போன்ற இடங்களில் அக்விலாபொலினைட்டிஸ், காபோனிஸ்போரிஸ், நீர்ப்பெரணியான அசொல்லா கிரெட்டேசியா கிடைத்து, அப்படிவுகள் கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை என்று காட்டின. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தில் இந்த வேலை நெடுநாளாக நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஏரியும் தனித்தனிக் குட்டை. எல்லையைக் கடந்து இடைவிடாமல் படிந்த ஒரே வெட்டுமுகம் அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

வேறு பேரழிவுகளிலும் இதே முறை பயன்படுமா?

முறை அதேதான், சாட்சிகள் வேறு. 25.2 கோடி ஆண்டுக்கு முந்தைய பெர்மியன் முடிவில் ரெடுவியாஸ்போரோனைட்டிஸ் என்ற துகள் குவிகிறது. அது பூஞ்சையா பாசியா என்ற சண்டை ஓயவில்லை. அதே காலத்தில் நான்காகப் பிரிய வேண்டிய ஸ்போர்கள் பிரியாமல் ஒட்டிக்கிடப்பதையும் எண்ணுகிறார்கள். 20.1 கோடி ஆண்டுக்கு முந்தைய டிரையாசிக் முடிவிலும் பெரணி உச்சம் பதிவாகியிருக்கிறது. அங்கே விண்கல்லுக்கு உறுதியான சான்று இல்லை, எரிமலைக் குழம்புதான் உண்டு. ஆகவே பெரணி உச்சத்தை மட்டும் பார்த்து விண்கல் மோதியது என்று சொல்ல முடியாது. காடு போயிற்று என்று மட்டும் சொல்லலாம்.